கருப்பட்டிக் கோழியின் நிழல்

எங்க வெட்டுப்பாத்திக் காலனியில எத்தனை வீடுன்னு கேட்டா நாப்பத்திரெண்டுன்னு சொல்லிருவேன், குழாயில எத்தனை நாளைக்கு ஒருக்க தண்ணி வரும்னு கேட்டா அதையும் சொல்லிருவேன், எத்தனை மரம்னு மட்டும் கேட்டுராதிய, ஏன்னா ஒண்ணுகூடக் கிடையாது. சுத்தி உப்பளம், மண்ணு பூராவும் உப்பு. வேம்பு வச்சோம், கருகிச்சு. முருங்கைக் கம்பு ஊனினோம், கருகிச்சு. மரம் நடுற விழான்னு வேன்ல வந்து போட்டோ புடிச்சுக்கிட்டு நட்டுட்டுப் போனாகளே, அந்தக் கன்னுகளும் அவுக வேன் விலக்கு ரோட்டைத் தாண்டுறதுக்குள்ள தலையைத் தொங்கப் போட்டுருச்சு.

அப்படிப்பட்ட எடத்துல ஒரு பெட்டைக்கோழி ஒரு மரத்து நிழலைக் கூட்டிக்கிட்டு நடந்துச்சுன்னு சொன்னா நீங்க வாயைப் பொளப்பிய. நாங்க பொளக்கலை. யாரு முந்திப் போயி எடம் புடிக்கிறதுன்னு சோத்துச் சட்டியும் கையுமா ஓடுன ஓட்டத்துல எங்களுக்கு அதுக்கெல்லாம் நேரமில்லை.

கோழிக்கு முன்னால சேவலைச் சொல்லிரணும். ஏன்னா அது என் சேவல்.

எங்க வீட்டுக்காரர் பலவேசம் முப்பது வருசம் அளத்துல உப்பு வாரினவுக. வெள்ளை உப்புல பட்டுத் தெறிக்கிற வெயிலைப் பாத்துப் பாத்து கண்ணு ரெண்டும் பூத்துப்போச்சு. ஆப்ரேசன் பண்ணினாக, நல்லாப் பண்ணியிருக்குன்னும் சொன்னாக, ஆனா ஒரு பொட்டு வெளிச்சம் பட்டாலும் கூசிக்கிட்டு தண்ணியா ஊத்தும், முகம் எதுவும் பிடிபடாது. "ஏ பூரணம், நீ வெள்ளை வேட்டியைக் காயப்போட்ட மாதிரி தெரியுதளா"ன்னு சிரிப்பாக. எனக்குச் சிரிப்பு வராது. நேரா மாடசாமி பீடத்துக்குப் போனேன், கூரை வேண்டாம்னு வெட்டவெளியில நிக்கிற மாடன் அவன், அவன் முன்னால ஒரு சேவக்குஞ்சைத் தூக்கிக் காட்டி, "மாடா, அவுக கண்ணு கூசாம என் முகத்தைப் பாக்கட்டும், அடுத்த கொடைத் திருவிழாவுக்கு இது உனக்கு"ன்னு சொல்லி, அதோட காலுல மஞ்சத் தேச்ச நூலை இறுக்கிக் கட்டிவிட்டேன்.

எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. நேந்து நூலைக் கட்டிட்டா அது சாமி சேவல். அதை அடிக்கக் கூடாது, பஞ்சாரக் கூடையில போட்டுக் கவுக்கக் கூடாது, கையால தொடவே கூடாது, கொடையன்னைக்குத்தான் பூசாரி தொடுவாரு. ஒரு வருசந்தானேன்னு விட்டேன். பாத்தா கொடையே நின்னுபோச்சு. வடக்குத் தெருக்காரன் வாசல்ல மேளம் முதல்ல நிக்கணுமா, தெக்குத் தெருக்காரன் வாசல்லயான்னு ஆரம்பிச்ச பேச்சு, மூணு வருசமா முடியலை. சேவல் வளந்துச்சு. வளந்து, கொண்டையைச் சாச்சு, ஒரு காலை மெதுவா ஊனி மறு காலை வெடுக்குன்னு தூக்கி அது நடக்குற நடையைப் பாத்து காலனியே 'ஏட்டையா'ன்னு பேரு வச்சுச்சு. ஏட்டையா யாரையும் விடாது. போஸ்ட்மேன் கடிதாசியெல்லாம் விலக்கு டீக்கடையிலயே குடுத்துட்டுத் திரும்பிருவாரு. குழாயடியில பொம்பளைக குடத்தை முன்னால புடிச்சுக்கிட்டுத்தான் நிப்போம். அது பாய்ஞ்சு வந்தா வைய மாட்டோம், "சாமி, சாமி"ன்னு கையெடுத்துக் கும்புட்டுக்கிட்டே ஓடுவோம்.

அடுத்த வீடு சந்தனமாரி. எங்க வீட்டுக்காரருக்குத் தங்கச்சி முறை, என்னைய மைனிம்பா. புருசன் போனபெறகு ஒத்தையில இருக்கா, அளத்துக்கு வந்து உப்பு வாருதா. அவ வச்சிருந்த ஒரே உசுரு ஒரு பெட்டைக்கோழி, அடை வச்ச பத்து முட்டையில ஒத்தையாப் பொரிச்சது, கருப்பட்டி நிறம், பேரும் கருப்பட்டி. அவ உக்காந்து சாப்பிட்டா முதல் பருக்கை அதுக்கு. அவ சண்டை போட்டா அதுவும் பக்கத்துல நின்னு கொக்கொக்குன்னு சண்டை போடும். எனக்கே சில நேரம் ரெண்டு பேரையும் ஒருசேர வையணும்போல இருக்கும்.

ஒரு ஞாயித்துக்கெழமை ஏட்டையா அதைப் பிடிச்சுருச்சு. சும்மா மேல ஏறுற கதையில்லை. முதுகுல ஏறி நின்னு ரெக்கை மசுரு பூராத்தையும் உருவி, கால் முள்ளால விலாவைக் கிழிச்சு, மண்டையைக் கொத்தி, ஒரு கண்ணு வீங்கி மூடிக்கிற அளவுக்கு விட்டுருச்சு. சந்தனமாரி கம்பை ஓங்கிக்கிட்டு ஓடி வந்தா. ஓங்கின கை அப்படியே நின்னுச்சு. கம்பைக் கீழ போட்டா. கோழியை வாரி மடியில போட்டுக்கிட்டு என் வாசலுக்கு வந்தா.

"மைனி, பாருங்க, உங்க சேவலு செஞ்ச வேலையை."

"சாமி சேவல்ளா. நான் என்ன செய்ய?"

"கோழியைக் கிழின்னு சாமியா சொல்லிச்சு?"

அத்தோட வாயை மூடியிருக்கலாம். எனக்கு எங்க மூடத் தெரியுது. "பொழைக்காதுளா, குழம்பு வச்சுரு"ன்னு சொல்லிட்டேன்.

அவ என்னைய ஒரு பார்வை பாத்தா, போனா. அன்னையோட என்கூடப் பேச்சை நிறுத்திட்டா. பேச்சில்லாத அந்தச் சுவத்துக்கு அந்தப்பக்கம் என்ன நடக்குன்னு நான் காதாலயும் மூக்காலயும்தான் தெரிஞ்சுக்கிட்டேன். வெந்நி காயுற சத்தம் வந்துச்சு, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைக்கிற வாடை வந்துச்சு, ஈ மொச்சுப் புழு வச்சுரக் கூடாதுன்னு தேங்காயெண்ணெயில கற்பூரத்தைக் கரைச்சுத் தடவுற வாடை வந்துச்சு, "குடிடி எந்தங்கம், ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு"ன்னு பச்சப்பிள்ளைக்குப் பாலூட்டுற சங்குல கஞ்சித்தண்ணி ஊத்துற சத்தம் வந்துச்சு. நான் இந்தப்பக்கம் உக்காந்து, சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாம முழுங்கிக்கிட்டு இருந்தேன்.

வேலைக்கும் வரணும், கோழியையும் விட முடியாது. ஒயர் கூடையில பழைய சேலையை மடிச்சுப் போட்டு, அதுல அதைப் படுக்க வச்சு அளத்துக்குத் தூக்கிக்கிட்டு வந்தா. அளத்துல ஏது நிழலு? வெயில்ல வச்சா புண்ணு ஆறிரும்னு நாங்க சொன்னோம், உப்பு காயுது, கருவாடு காயுது, புண்ணு காயாதான்னு கேட்டோம். அவ கேக்கலை. கூடையைப் பாத்திக் கரையில வச்சுட்டு, வெயில் முதுகுல விழுற பக்கமாப் போயி நின்னுக்கிட்டு, தன் நிழல் கூடைமேல விழுற மாதிரி உப்பை வாரினா. வெயில் நகர நகர இவளும் நகர்ந்தா. கூடையைவிட்டு நிழல் ஒரு சாண் விலகிச்சுன்னா, வாருற பலகையோட சேத்து இவளும் ஒரு சாண் தள்ளி நின்னா. உச்சியில நிழல் காலடிக்குள்ள சுருங்குமில்ல, அந்நேரம் கூடையை ரெண்டு காலுக்கும் நடுவுல வச்சுக்கிட்டு, சேலையை விரிச்சுப் புடிச்சு, சாப்பிடாம நின்னா. ஒம்பது நாளு இதே. ஒம்பது நாளும் கோழிமேல ஒரு நுள்ளு வெயில் விழ விடலை.

பத்தாம் நாளு உச்சி வெயில்ல கருப்பட்டி எந்திரிச்சுச்சு. கூடை விளிம்புல ஏறி ஒரு தடவை தடுமாறி, கரையில குதிச்சு, உடம்பை ஒரு உலுப்பு உலுப்பிச்சு. அதோட காலடியிலருந்து ஒரு முழு வேப்பமரத்து நிழல் நாலாபக்கமும் படர்ந்து விழுந்துச்சு. மரமில்லை. கோழிதான் நிக்குது. அது ஒரு காலைத் தூக்கினா நிழல்ல ஒரு கிளை ஆடுச்சு, அது கழுத்தைச் சிலுப்பினா நெலத்துல எலைக சலசலன்னு அசைஞ்சுச்சு.

தெக்குத் தெரு மாசானம் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "குளுகுளுன்னு இருக்கே"ன்னு உள்ள போயி உக்காந்துட்டாரு. அவ்வளவுதான். எல்லாரும் சட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயி உக்காந்தோம்.

நிழல்ல உக்காந்து சோறு திங்கிறது எங்க பொழப்புல அன்னைக்குத்தான் முதல். திங்கும்போது ஒண்ணு நடந்துச்சு. நாங்க யாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் சுருக்காமப் பாத்ததில்லை. வெயில்ல நெத்தியைச் சுருக்கி, கண்ணை இடுக்கி, பல்லைக் கடிச்ச முகம்தான் எங்களுக்குத் தெரிஞ்ச முகம். அன்னைக்கு வடக்குத் தெரு இசக்கியம்மா என்னைய உத்துப் பாத்து, "ஏ பூரணம், உனக்குக் கண்ணு இம்புட்டுப் பெருசாளா!"ன்னா. நான் அவளைப் பாத்தேன், அவ கன்னத்துல ஒரு குழி, இருபது வருசமாக் கூட வேலை பாக்குதேன், அந்தக் குழியை இப்பத்தான் பாக்குதேன். ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சுச் சிரிச்சு வேலைக்கு எந்திரிக்கவே மறந்துபோச்சு.

கணக்கப்பிள்ளை சைக்கிள்ல வந்து கத்தினாரு. நிழல் விழுந்த பாத்தியில உப்பு எறங்காது, கோழியை அங்கிட்டு ஓட்டுங்கன்னாரு. சரின்னு கருப்பட்டியைப் பாத்தியை விட்டுத் தள்ளி, அகலக் கரையில கொண்டு போயி விட்டோம். மூணாம் நாளு கணக்கப்பிள்ளையே தூக்குச்சட்டியோட அங்க வந்து, "சும்மா பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்"ன்னு சொல்லி உக்காந்தாரு. நாங்க ஊறுகாயை அவரு பக்கம் நகத்தி வச்சோம்.

பெறகு அதுக்குன்னு ஒரு ஒழுங்கு வந்துச்சு. வேலை நாள்ல உச்சிக்கு அளத்துல, சாயங்காலம் குழாயடியில, ஞாயித்துக்கெழமை முழுக்க காலனி நடுவுல. துணி காயப்போடுறவுக முந்தின நாளே சந்தனமாரிகிட்டச் சொல்லிரணும். ஒரு பொண்ணு பாக்குற சடங்குகூட கருப்பட்டி நிழல்லதான் நடந்துச்சு, மாப்பிள்ளை வீட்டுக்காரக நல்ல நிழலு, நல்ல சம்பந்தம்னு சொல்லிட்டுப் போனாக. வடக்குத் தெருவும் தெக்குத் தெருவும்கூட வந்து உக்காந்துச்சு, இவுக ஒரு பக்கம், அவுக ஒரு பக்கம். நானும் போனேன். சந்தனமாரி என்கிட்டப் பேசலைதான், ஆனா எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரு கோணிச் சாக்கை விரிச்சு வச்சுட்டு, "அண்ணன், இங்கன உக்காருங்க"ன்னா.

ஆனா அந்த நிழல்ல ஒரு ஓட்டை இருந்துச்சு. கருப்பட்டி முதுகுல மசுரு இல்லாத புண்ணு எங்க இருந்துச்சோ, அதுக்கு நேரா நிழலோட நடுவுல வெயில் விழுந்துச்சு, முதல்ல ஒரு தோசை அளவு. வெள்ளை மண்ணுல விழுந்த அந்த வெயிலு பளீர்னு தெறிச்சு எங்க வீட்டுக்காரர் கண்ணுல அடிச்சுச்சு. அவுக நிழல்ல உக்காந்தும் கண்ணை மூடியே இருந்தாக. "புண்ணு ஆறி மசுரு மொளைச்சா அடைஞ்சுரும் அண்ணன்"ன்னு சந்தனமாரி சொன்னா. எனக்கு அதைக் கேட்டதும் வயித்துல பால் வாத்த மாதிரி இருந்துச்சு.

ஏட்டையா விட்டாத்தானே ஆறும். அதுக்குக் கருப்பட்டியைக் கண்டா என்ன வெறியோ, நாலு நாளைக்கு ஒருக்க எங்கிருந்தாவது வந்து பாஞ்சுரும். ஆறிக்கிட்டு வந்த தோலைக் கொத்தும். ஓட்டை சுளகு அளவு ஆச்சு. சந்தனமாரி மறுபடி வெந்நி காய்ச்சினா, மறுபடி மஞ்சள் அரைச்சா, தன் ரவிக்கைத் துணியை வெட்டி கோழி முதுகுக்கு ஒரு சட்டை தச்சுப் போட்டா. ஏட்டையா சட்டையைக் கிழிச்சுச்சு. ஓட்டை பாய் அளவு ஆச்சு. நிழல்ல இருந்தவுக ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி உக்காந்தாக, கொஞ்சப் பேருக்கு எடமில்லாமப் போச்சு. எல்லாரும் என்னையப் பாத்தாக. வாயைத் தொறந்து ஒருத்தரும் கேக்கலை, கேக்க மாட்டாக, நேந்தவ நான், அவுத்தா நான்தான் அவுக்கணும்.

என்னால முடியலைய்யா. சேவலைக் கட்டிப் போட்டா மாடன் கோவிச்சுக்கிட்டான்னா? இருக்கிற கொஞ்ச நஞ்சப் பார்வையையும் எடுத்துட்டான்னா? நான் யாருகிட்டப் போயி நிப்பேன்? வீட்டுக்காரர்கிட்டக் கேட்டேன். "எனக்குக் கண்ணு, அவளுக்குக் கோழி. நான் என்னத்தைச் சொல்ல?"ன்னாக.

அன்னைக்கு ஞாயித்துக்கெழமை. காலனியே நிழல்ல உக்காந்திருக்கு. சந்தனமாரி என் பக்கத்துல வந்து நின்னா. அம்புட்டு நாளைக்கப்புறம் அப்பத்தான் வாயைத் தொறந்தா.

"மைனி, நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போறேன், ஆத்துக்கரைப் பக்கம். அங்க மரம் இருக்கு. கருப்பட்டிக்கு நிழலைத் தூக்கிச் சுமக்குற வேலை இல்லை. நான் இனி வரமாட்டேன்."

"ஏளா..."ன்னு அவ கையைப் புடிக்கப் போனேன்.

அந்நேரம் பாத்து மதில்மேலருந்து ஏட்டையா குதிச்சுச்சு. ஒரு காலை மெதுவா ஊனி, மறு காலை வெடுக்குன்னு தூக்கி, நேரா கருப்பட்டிமேல. எல்லாரும் "சாமி, சாமி"ன்னு கும்புட்டுக்கிட்டு விலகினாக. சந்தனமாரி விலகலை. தரையோட குப்புற விழுந்து கோழியை நெஞ்சுக்கடியில மறைச்சுக்கிட்டா. சேவல் அவ முதுகுல ஏறி நின்னு முள்ளால கிழிக்குது, கையைக் கொத்தி ரத்தம் வருது, அவ அடிக்கலை, தட்டிவிடக்கூட இல்லை. முகத்தை மட்டும் திருப்பி என்னையப் பாத்தா.

"மைனி, நான் கையை வைக்க மாட்டேன். நேந்தது நீங்க."

எப்படிப் பாஞ்சேன்னு எனக்குத் தெரியாது. சாமியும் தெரியலை, பூதமும் தெரியலை. ரெண்டு கையாலயும் ஏட்டையாவை அமுக்கிப் புடிச்சு நெஞ்சோட சேத்துட்டேன். காலனியே ஐயோன்னு கத்துச்சு.

அதுக்குக் கனமே இல்லை. மூணு வருசமா எங்களை ஓட ஓட விரட்டுன சேவல், கையில எடுத்தா வெறும் மசுரும் எலும்பும். அதோட நெஞ்சு என் உள்ளங்கையில தடதடன்னு அடிக்குது. பயத்துல அடிக்குது. திமுறவும் இல்லை. நான் அதோட காலைப் பாத்தேன். நான் கட்டின நூலு. குஞ்சாயிருக்கும்போது இறுக்கிக் கட்டின நூலு, கால் பெருத்தும் அது பெருக்கலை, தொடக்கூடாதுன்னு யாரும் அவுத்துத் தளத்தலை, தோலை அறுத்து, சதையை அறுத்து, எலும்பு வரைக்கும் உள்ள போயி, மேல சதை மூடி, சீழ் வச்சு வீங்கிப்போயி இருக்கு. அதுதான் அந்த நடை. நாங்க மூணு வருசமாப் பாத்துப் பாத்துச் சிரிச்ச ஏட்டையா நடை, வலியில நொண்டின நொண்டு.

"அடப்பாவி"ன்னு சொன்னேன். சேவலைச் சொல்லலை, என்னையத்தான் சொன்னேன். மூணு வருசம் என் கண்ணு முன்னாலயே நடந்துச்சே, எனக்கு எங்க போச்சு கண்ணு?

"பிளேடு குடுங்க"ன்னேன். ஒருத்தரும் அசையலை. "வேண்டாம் பூரணம், உம்புருசன் கண்ணு!"ன்னு இசக்கியம்மா அழுதா. மாசானந்தான் சட்டைப் பையிலருந்து பிளேடை எடுத்து நீட்டினாரு. மாடன் பீடம் இருக்குற பக்கம் திரும்பினேன். "மாடா, உனக்குத் தாரேன்னு சொல்லி இதை நான் மூணு வருசமா அறுத்திருக்கேன், போதும். வேற என்ன வேணும்னாலும் என்கிட்டக் கேளு. அவுக கண்ணை மட்டும் தொட்டுராத"ன்னு சத்தமாச் சொல்லிட்டு, சதைக்குள்ள கெடந்த நூலைத் தோண்டி எடுத்து அறுத்தேன். சேவல் ஒரே ஒரு சத்தம் போட்டுச்சு.

பக்கத்துல ஒரு கிண்ணம் வந்துச்சு. கருப்பட்டிக்குன்னு காய்ச்சிக் கொண்டாந்திருந்த மஞ்சளும் வேப்பெண்ணெயும். சந்தனமாரி. கையில ரத்தம் வடிய, மடியில கருப்பட்டியை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. "சூடு ஆறலை, பாத்துத் தடவுங்க மைனி, முதல்ல சீழை வழிச்சு எடுக்கணும்"ன்னா. நான் புடிச்சுக்கிட்டேன், அவ தடவினா. தன் கோழியைக் கிழிச்ச காலை அவ மடியில வாங்கி, கருப்பட்டிக்குச் சொன்ன மாதிரியே, "கொஞ்சம் பொறுடா, எந்தங்கம், ஆச்சு, ஆச்சு"ன்னு சொன்னா. எனக்கு அப்பத்தான் ஒடைஞ்சுச்சு. "ஏளா, அன்னைக்குக் குழம்பு வைன்னு சொன்னேனே, என் நாக்குல..."ன்னு ஆரம்பிச்சேன். "சும்மா இருங்க மைனி, காலைப் புடிங்க"ன்னா.

அந்நேரந்தான் முதுகுக்குப் பின்னாலருந்து வீட்டுக்காரர் கொரல் கேட்டுச்சு.

"ஏ பூரணம், என்னளா இது? இருட்டிக்கிட்டு வருது?"

எடுத்துட்டான். மாடன் எடுத்துட்டான். உச்சி வெயில்ல மனுசனுக்கு இருட்டுதுன்னா வேற என்ன? சேவலைச் சந்தனமாரி கையில விட்டுட்டு விழுந்தடிச்சு ஓடி, அவுக முன்னால மண்டி போட்டு, ரெண்டு தோளையும் புடிச்சுக்கிட்டு, "நான்தான் கெடுத்தேன், என் கையாலயே அறுத்தேன், நான்தான்"ன்னு ஒப்பாரி வச்சு அழுதேன்.

"மைனி"ன்னா சந்தனமாரி மெதுவா. "தரையைப் பாருங்க."

பாத்தேன். எங்க நடுவுல பாய் அளவு கெடந்த வெயில் சுளகு அளவாச் சுருங்கியிருந்துச்சு. நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே தோசை அளவாச்சு. பெறகு அதுவும் இல்லை. காலனி முழுக்க, ஒரு பொத்தல் இல்லாம, கறுகறுன்னு குளுந்த நிழல் விழுந்து கெடந்துச்சு.

எங்க வீட்டுக்காரர் கண்ணைத் தொறந்தாக. தண்ணி ஊத்தலை. இமைக்காம என்னையவே பாத்தாக. இந்தப் பக்கம் பாத்தாக, அந்தப் பக்கம் பாத்தாக, மறுபடி என் முகத்துக்கு வந்தாக. விரலை நீட்டி என் மூக்கைத் தொட்டாக.

"ஏளா, நீ அழுதா மூக்கு இப்படியா செவக்கும்?"

"கல்யாணத்தன்னைக்கே செவந்துச்சு, நீங்கதான் பாக்கலை"ன்னேன்.